மார்லிஸ் என்று சொன்னவள்

பத்தொன்பது வயதில் ட்வைலா ரென்ஃப்ரோவுக்குப் பெற்றோர் என்று சொல்லிக்கொள்ள இருந்தது கலிஃபோர்னியா மாநிலம் ஒன்றுதான். குறை சொல்ல முடியாத பெற்றோர். பிறந்தநாளை மறந்ததில்லை, கணினி நினைவுபடுத்திவிடும். பல்லுக்கும் கண்ணுக்கும் மருத்துவரிடம் அனுப்பியது. என்ன, ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை: குழந்தையை ஓரிடத்தில் உட்கார விடாது. ஏழு வயதில் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்ட நாள் முதல் பதினெட்டு முடிவதற்குள் பதினாலு வளர்ப்பு வீடுகள், அதில் மூன்று கூட்டு இல்லங்கள். ஒவ்வொரு முறையும் சாமான்களை ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டுவார்கள். குப்பை லாரி வரும் நாளில் இடமாற்றம் வைக்காதது மாநிலத்தின் நாகரிகம்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தராத பாடம் ஒன்று உண்டு. கழுத்தில் அட்டை தொங்கும் எவரிடமும் உண்மை பேசாதே. பேசினால் எழுதுவார்கள். எழுதினால் ஃபைலுக்குப் போகும். ஃபைல் கனத்தால் உன்னை இறக்கி வைத்துவிடுவார்கள்.

ட்வைலா இதைப் பதினைந்தாவது வயதில் பட்டுத் தெரிந்துகொண்டாள். ஆலோசகர் ஒருவர், குரலில் தேன் தடவியவர், "என்கிட்ட நீ எதுவேணா சொல்லலாம்" என்றார். இவளும் நம்பி, "சில நாள் காலையில கண்ணு முழிக்கவே வேண்டாம்னு தோணுது மிஸ்" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே மருத்துவமனை. ஷூவிலிருந்து கயிற்றைக்கூட உருவிக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து இல்லத்துக்குத் திரும்பியபோது அவள் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். வாசலில் இரண்டு கறுப்புப் பைகள் கட்டித் தயாராக இருந்தன.

அந்தப் பைகளைத் தூக்க உதவியவள் மார்லிஸ் ஆட்டிங்கர். அதே இல்லம், அதே வயது, இருவருக்கும் ஒரே மாதத்தில் பிறந்தநாள். இல்லத்தார் சிக்கனமாக இருவருக்கும் சேர்த்து ஒரே கேக் வெட்டுவார்கள்.

"லூசாடீ நீ? மனசு எப்படி இருக்குன்னு குடுப்பாங்களே, அந்தக் கேள்வித்தாளுக்கு எப்படி எழுதணும்னு யாருமே சொல்லித்தரலையா?" என்றாள் மார்லிஸ். "ஒன்பது கேள்வி இருக்கும். எல்லாத்துக்கும் சைபர் போட்டா சந்தேகப்படுவாங்க. தூக்கம் சரியா வரலைன்னு ஒண்ணுக்கு மட்டும் 'சில நாள்'னு போடு. மீதியெல்லாம் சைபர். பாவம், அவங்களுக்கும் எழுத ஏதாச்சும் வேணும்ல."

அதற்குப் பின் நான்கு வருடம் ட்வைலா அப்படியே எழுதினாள். அவள் மனம் மாநிலத்திலேயே ஆரோக்கியமான மனம் என்று ஃபைல் சான்று சொல்கிறது. தூக்கம் மட்டும் கொஞ்சம் சரியில்லை.

பதினெட்டு முடிந்ததும் இருபத்தொன்று வரை தங்கிக்கொள்ளும் திட்டத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டின் கிழக்குப் பக்கம் ஒரு அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் வறண்ட நிலத்தில் எண்ணெய் இறைக்கும் இரும்புத் தலைகள் ஆமாம் ஆமாம் என்று நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். அறையில் ஒரு அடுப்பு, ஒரு கட்டில், உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு. இந்தக் கடைசிச் சாமான்தான் முக்கியம். பதினாலு வீடுகளில் எந்தக் கதவையும் அவள் உள்ளேயிருந்து பூட்டியதில்லை. முதல் வாரம், வேலைக்குப் போகாத நேரமெல்லாம் பூட்டுவதும் திறப்பதுமாகவே இருந்தாள்.

திட்டத்தின் விதிகள் கதவின் பின்புறம் ஒட்டியிருந்தன. போதைப் பொருள் கூடாது. இரவு விருந்தினர் கூடாது. மீறினால் இடம் பறிபோகும். எழுத்து சற்றுப் பெரிது.

மாதம் ஒருமுறை, மாநிலம் அனுப்பும் பணியாளர் மிஸ் ப்ரூயிட் வருவார். நல்லவர். அவர் பொறுப்பில் நாற்பது பிள்ளைகள். பெயர் மாற்றிக் கூப்பிடாமல் இருக்கவே அவருக்குப் பாதி மூளை செலவாகிவிடும்.

"எப்படி இருக்கே ட்வைலா?"

"நல்லா இருக்கேன் மிஸ்."

"வேலை?"

"போயிட்டிருக்கு மிஸ். பாதாம் பொறுக்குற ஷெட்டுல நிரந்தரமாக்குறேன்னு சொல்லியிருக்காங்க."

"தூக்கம்?"

"சில நாள் சரியா வரல மிஸ்."

"ஓ" என்று பரிவோடு தட்டச்சு செய்தார் மிஸ் ப்ரூயிட். "படுக்கும்போது போனைப் பாக்காதே."

தூக்கம் வராதது பொய்யில்லை. அதற்கு ஜேரட் ஒரு வழி வைத்திருந்தான். ஜேரட் இழுவை லாரி ஓட்டுபவன், இருபத்துநாலு வயது, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். நீலப் போதை மாத்திரை ஒன்றை நகத்தால் உடைத்துக் கால் துண்டு தருவான். கால்தானே என்பான். அவளோடு இல்லத்தில் இருந்த இரண்டு பெண்கள் இதே கால்தானே என்பதில்தான் போனார்கள். அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் விழுங்கினாள். பயத்தோடு கண்ணை மூடுவாள். விழித்ததும், முழித்துவிட்டோமே என்று ஒரு நிம்மதியும், முழித்துவிட்டோமே என்று ஒரு சலிப்பும் சேர்ந்து வரும். இதை எந்தக் கேள்வித்தாளிலும் எழுத இடமில்லை. ஜேரட்டுக்கு வேறு பெண்களும் இருந்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். கேட்டால் போய்விடுவானோ என்று கேட்கவில்லை. ஆணுறை போடச் சொல்லவும் அதே காரணத்தால் வாய் வரவில்லை. போகாமல் இருப்பவர்களை அதிகம் கேள்வி கேட்கக் கூடாது என்பது பதினாலு வீட்டுப் பழக்கம்.

அக்டோபர் முதல் வாரம் உள்ளங்கையில் செம்பு நிறப் புள்ளிகள் வந்தன. அரிப்பு இல்லை, வலி இல்லை. பாதாம் தோலினால் இருக்கும் என்று கையுறை மாட்டினாள். மறுநாள் உள்ளங்காலிலும் வந்தது. பாதாமைக் காலால் பொறுக்குவதில்லை. போனில் தேடினாள். போன் எப்போதும் போல அவளைச் சாகடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

சனிக்கிழமை பழைய சாமான் சந்தை மைதானத்தில் வெள்ளை மருத்துவ வண்டி நிற்கும். இலவசப் பரிசோதனை, அடையாள அட்டை தேவையில்லை. செகண்ட் ஹேண்ட் டயர்களுக்கும் வறுத்த சோளக் கடைக்கும் நடுவே அதன் படியில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினாள். நான்காவது முறை உள்ளேயிருந்து ஒரு குரல்:

"ஏறுறதுன்னா ஏறு மிஹா, படி தேயுது."

நர்ஸ் நெல்டா அல்கராஸ். எல்லாரையும் மகளே என்ற பொருளில் 'மிஹா' என்றே அழைப்பார், அறுபது வயது ஆளையும் சேர்த்து. இவள் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. மாறாமல் இருக்க அது பழகியிருந்ததுதான் ட்வைலாவை இன்னும் பயமுறுத்தியது.

"ரத்தம் எடுத்துப் பாப்போம். எதுவா இருந்தாலும் ஊசியிலே சரியாயிடும், சரியா? இது உனக்கும் எனக்கும் நடுவுல."

உனக்கும் எனக்கும் நடுவில் என்று இதற்கு முன் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று ட்வைலா மனதுக்குள் வரிசை கட்டினாள். நெல்டாவின் கழுத்தில் அட்டை தொங்கியது. எதிரே கணினி இருந்தது.

"பேர் என்ன மிஹா?"

அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"மார்லிஸ். மார்லிஸ் ஆட்டிங்கர்."

பிறந்த தேதி கேட்டார். கேக் மேல் எழுதியிருந்த மார்லிஸின் தேதி. தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். போன் எண்ணுக்கு, அந்த நொடியில் தோன்றிய எண். இதில் அவளுக்கு உறுத்தல் எதுவும் இல்லை. இல்லத்தில் எல்லாரும் எல்லார் பெயரையும் எடுத்து உடுத்துவார்கள், சட்டை மாதிரி. பள்ளிக்கு மட்டம் போட்டால் ஒருத்தி பெயர், கடையில் பிடிபட்டால் இன்னொருத்தி பெயர். மார்லிஸே ஒருமுறை ட்வைலாவாக இருந்து போலீஸ்காரரிடம் அறிவுரை வாங்கியிருக்கிறாள்.

ஒரு சீட்டில் தொலைபேசி எண் எழுதிக் கொடுத்தார் நெல்டா. "ஒரு வாரத்துல கூப்பிடு. நீ கூப்பிடலைன்னா நான் கூப்பிடுவேன்."

அவள் கூப்பிடவில்லை. சீட்டை மடித்துப் பர்ஸின் அடியில் போட்டாள். இரண்டு வாரம் கழித்துக் கையிலும் காலிலும் புள்ளிகள் தாமாகவே மறைந்துபோயின. இந்த நோயின் பெரிய குறும்பு அது: வந்த வேலை முடிந்தது போலக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ட்வைலா அன்று சந்தோஷத்தில் கேக் வாங்கித் தின்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், ஷெட்டில் சாப்பாட்டு வேளையில் போன் அடித்தது. மார்லிஸ். ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பேசுவாள். கடைசியாகப் பேசியது குழந்தை பிறந்தபோது. பெண் குழந்தை, மூன்று மாதம் ஆகிறது, பெயர் ஜூனி.

"ட்வைலா, வந்துட்டாங்கடீ."

"யாரு?"

"வேற யாரு? நேத்து ஒரு ஆளு. இன்னிக்குக் காலையில திரும்பவும் அதே ஆளு. கழுத்துல அட்டை. கதவைத் தட்டி என் முழுப்பேரைச் சொல்றான். நான் திறக்கல. ஜூனி வாயைப் பொத்திக்கிட்டு பாத்ரூம்ல உக்காந்திருந்தேன். கதவடியில ஒரு கவர் போட்டுட்டுப் போயிட்டான்."

"கவர்ல என்ன இருக்கு?"

"'உங்கள் உடல்நலம் சம்பந்தமான அவசர விஷயம்.' உடல்நலமாம்! எங்கம்மா வீட்டுக்கும் முதல்ல உடல்நலம்னுதான் வந்தாங்க. என் பிறந்த தேதி போட்டிருக்கான். ஒரு நம்பர் இருக்கு."

அவள் எண்ணை வாசித்தாள். ட்வைலாவின் பர்ஸில் நாலாக மடித்துக் கிடந்த சீட்டில் இருந்த அதே எண். ஷெட்டின் இயந்திரம் பாதாமைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அவள் பல்லும் சேர்ந்து ஆடியது.

சொல்லியிருக்கலாம். 'அது உன்னைத் தேடலைடீ, என்னை' என்று நாலே சொல். ட்வைலா வாயைத் திறந்தாள். "ஒண்ணும் இருக்காது மார்லிஸ்" என்று வந்தது.

"உனக்கென்ன, உன்கிட்ட குழந்தையா இருக்கு? இவங்க கையில வளந்தவ பெத்த குழந்தைன்னா இவங்களுக்குத் தனி ருசி. அம்மாவோட ஃபைலை எடுத்துக் குழந்தை மேல ஒட்டிடுவாங்க. நான் கிளம்பிட்டேன். மொஹாவி பாலைவனத்தைத் தாண்டி, அரிசோனா போயிடுவேன்."

"அரிசோனாவுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் நல்லது. போனை அணைச்சு வைக்கப் போறேன். நீ நல்லா இரு."

வைத்துவிட்டாள். ட்வைலா திரும்ப அழைத்தாள், போன் அணைந்திருந்தது. மறுபடி, மறுபடி. அப்போதுதான் அந்த பயம் வந்தது. இத்தனை நாள் இருந்தது வேறு ரகம், வயிற்றில் பூனை படுத்த மாதிரி. இது முதுகில் ஏறி நின்றது. பழைய டயர்களோடு ஒரு கார், பின் சீட்டில் மூன்று மாதக் குழந்தை, டெஹாச்சபி மலைக் காற்று. எல்லாம் அவள் வாயில் வந்த ஒரு பெயரால்.

சுகாதார அலுவலகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. நான்தான் என்று சொல்ல வேண்டும். என்ன நோய், யாரிடமிருந்து, என்ன மாத்திரை எல்லாம் கேட்பார்கள். ஃபைலுக்குப் போகும். கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் பெரிய எழுத்து உண்மையாகும். கதவும் போகும். இருந்தும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் இரண்டு நிறுத்தங்களில் இறங்குவதற்காக எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். எதிரே இருந்த கிழவர், "வயிறு சரியில்லையாம்மா?" என்றார். "ஆமா தாத்தா" என்றாள். அன்று அவள் சொன்ன முதல் உண்மை ஏறக்குறைய அதுதான்.

சுகாதார அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நெல்டாவே நின்றிருந்தார். பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

"மார்லிஸ்! மிஹா! உன்னை ஊரெல்லாம் தேடுறோம். ஒர்டாஸ் சார், இதோ வந்துட்டா!"

ஒர்டாஸ் என்பவர் உள்ளறையிலிருந்து வந்தார். ஐம்பது வயது, சோர்ந்த ஷூ, கழுத்தில் அட்டை. நோய் கண்டவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் தேடிப் பிடித்து ஊசிக்கு அழைத்து வருவது அவர் உத்தியோகம். கதவு திறக்காதவர்களைப் பார்த்துப் பார்த்து, கதவுகளோடு பேசுவது போலவே அவர் பேச்சும் உரக்க ஆகிவிட்டிருந்தது.

"மார்லிஸ் ஆட்டிங்கர்? உள்ள வாங்க. முதல்ல குழந்தை எங்க?"

ட்வைலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மார்லிஸ் இல்ல சார்."

"என்ன?"

"மார்லிஸ்னு சொன்னது நான். ஆனா மார்லிஸ் நான் இல்ல. அவ வேற. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம் என்னோடது."

அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அட்டை வழுக்கி நெல்டாவின் காபிக் கோப்பையில் இடித்து நின்றது. ஒர்டாஸ் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நெல்டாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"நாங்க அந்தப் பேரையும் தேதியையும் போட்டுத் தேடினோம். மூணு மாசத்துக்கு முன்னாடி பிரசவம்னு வந்தது. சிபிலிஸ் இருக்கிற அம்மா, கையில பச்சைக் குழந்தை. குழந்தைக்கு ஒட்டியிருந்தா கண்ணு, எலும்பு எல்லாம் போயிடும். அதான் ரெண்டு தடவை போனேன். இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள அந்தப் பொண்ணு கிடைக்கலைன்னா குழந்தைக்காகன்னு இன்னொரு ஆபீசுக்கு எழுதணும். பாதி எழுதிட்டேன்."

இன்னொரு ஆபீஸ் எது என்று அவர் சொல்லவில்லை. ட்வைலாவுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆபீஸ் வளர்த்த பிள்ளை அவள்.

"எழுதாதீங்க சார். அவ ஓடிட்டா. உங்களைப் பாத்துத்தான் ஓடினா."

"நான் ஊசி போடக் கூப்பிடத்தானே போனேன்!"

"அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்க எல்லாரும் ஒரே மாதிரி தட்டுறீங்க சார்."

ஒர்டாஸ் தன் விரல் முட்டியைப் பார்த்துக்கொண்டார்.

நெல்டா நேரத்தை வீணாக்கவில்லை. திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் புதிதாக ரத்தம் எடுத்தார். இடுப்பில் இரண்டு பக்கமும் பென்சிலின் போட்டார். குளிர்ந்த தேன் சதைக்குள் இறங்குவது போல வலித்தது. "அவ்வளவுதான். இந்தக் கட்டத்துல இது ஒண்ணே போதும். ஆறு மாசத்துல ரத்தம் பாக்க வரணும், உன் சொந்தப் பேருல" என்றார். மிஸ்ஸுக்கும் திட்டத்துக்கும் சொல்லுவீங்களா என்று ட்வைலா கேட்டாள். "உனக்குப் பத்தொன்பது வயசு மிஹா. இது உன் மிஸ்ஸுக்குப் போகாது, உன் திட்டத்துக்குப் போகாது. சட்டம்."

ட்வைலா தலையாட்டினாள். நம்பியதால் அல்ல, தலையாட்டினால் சீக்கிரம் விடுவார்கள் என்பதால்.

"இப்ப அவளைக் கூப்பிடு" என்றார் ஒர்டாஸ். "நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா."

மேசை மேல் போனை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். அணைந்திருந்தது. ஐந்து நிமிடம் கழித்தும் அப்படியே. பிறகு ஒருமுறை மணி போனது, எடுத்தாள். பின்னால் காற்று, லாரிகள், குழந்தையின் அழுகை.

"சீக்கிரம் சொல்லு, பால் கலக்க வெந்நீர் வாங்க நின்னேன்."

"மார்லிஸ், திரும்பி வா. அந்த ஆளு உன்னைத் தேடல. என்னைத்தான். சந்தையில வண்டியில நான் உன் பேரைக் குடுத்தேன். வந்தது எனக்கு. சிபிலிஸ்."

கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பக்கத்துல இருக்காங்களா?" என்றாள் மார்லிஸ், குரலைத் தாழ்த்தி.

ட்வைலா மேசையின் எதிர்ப்புறம் பார்த்தாள். "இருக்காங்க."

"அப்போ இப்படித்தான் சொல்லச் சொல்வாங்க. உன் ரூமைப் பறிச்சுடுவேன்னு மிரட்டினாங்களா? பரவால்ல, நான் கோவிச்சுக்கல. உன் நிலைமையில நானும் சொல்லியிருப்பேன். வச்சுடுறேன்."

"வைக்காதே! சத்தியமா சொல்றேன்."

"சத்தியம் பண்ணத் தெரியாத புள்ளையா நாம?"

ட்வைலா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேர் கழுத்திலும் அட்டைகள். ஒர்டாஸின் கணினி திறந்திருந்தது. பாதி எழுதிய கடிதம் அதில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கதவு, உள்ளேயிருந்து பூட்டிக்கொள்வது. அந்தப் பக்கம் ஜூனி அழுகிறாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளு. ஜேரட் எனக்கு நீலம் தர்றான். ஆகஸ்டுலேருந்து சாப்பிடுறேன். கால், சில நாள் அரை. ரூம்லயே. ராத்திரி அவன் அங்கேயே தங்குறான். கேள்வித்தாள்ல நான் எழுதுறதெல்லாம் பொய். காலையில முழிக்க வேண்டாம்னு தோணுறது பதினஞ்சு வயசோட நிக்கல. போன வாரமும் தோணுச்சு. இன்னிக்குக் காலையிலயும் தோணுச்சு. நர்ஸ் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அந்த ஆளு கேட்டுக்கிட்டு இருக்காரு. மார்லிஸ், உன்னைப் பிடிச்சுக் குடுக்கணும்னா இதையா நான் சொல்வேன்?"

ஒர்டாஸின் கைகள் விசைப்பலகை மேல் இருந்தன. அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், இருக்கக் கூடாத இடத்தில் இருந்துவிட்டவை போல.

"பைத்தியமாடீ உனக்கு?" என்றது போன். குரல் உடைந்திருந்தது. "அவங்க முன்னாடியே சொல்லிட்டியா? எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"நாயே. நாயே. என் பேரா கிடைச்சது உனக்கு?"

"மன்னிச்சுக்கோ."

"மன்னிக்கிறது அப்புறம். அந்த ஆளுகிட்ட குடு."

ஒர்டாஸ் முன்னால் குனிந்தார். "அம்மா, நான் அழிக்கிறேன். உங்களைப் பத்தி எழுதினதை இப்பவே அழிக்கிறேன். என்னைப் பாத்துப் பயந்ததுக்கு... நான் வேற மாதிரி தட்டியிருக்கணும்."

"எப்படி?" என்றாள் மார்லிஸ்.

அவர் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று மட்டும் சொன்னார்.

"சரி. திரும்புறேன்" என்றாள் மார்லிஸ். "ட்வைலா, போனை வைக்காதே. மலை இறங்குற வரைக்கும் பேசிக்கிட்டே இரு. உன்னைத் தனியா விட எனக்கு இஷ்டமில்ல. ஏதாச்சும் பேசு. பாதாமைப் பத்திப் பேசு."

இதற்குள் நெல்டா கதவைச் சாத்திவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். காகிதம் எதுவும் கையில் இல்லை.

"மிஹா, நேராக் கேக்குறேன். இப்ப, இந்த நிமிஷம், உன்னை ஏதாவது பண்ணிக்கணும்னு இருக்கா?"

சைபர் என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது.

"தெரியல" என்றாள் ட்வைலா.

"தெரியலைங்கிறதும் பதில்தான். அடுத்த கட்டடத்துல ஒரு பொண்ணு இருக்கா, இப்படித் தோணுறவங்களோட பேசுறதுதான் அவ வேலை. வரச் சொல்லட்டுமா? உன்னை எங்கேயும் கொண்டுபோறதுக்கு இல்ல. உக்காந்து பேச. கொண்டுபோகணும்னு ஆச்சுன்னா, உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான்."

இப்படிச் சொன்னவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் 'கொண்டுபோகவே மாட்டோம்' என்று இவர் சொல்லவில்லை. அந்த ஒரு சின்ன ஓட்டைதான் அவளைக் கொஞ்சம் நம்பவைத்தது. வரச் சொல்லுங்கள் என்று தலையை மட்டும் அசைத்தாள். நெல்டா மேசைத் தொலைபேசியில் அடுத்த கட்டடத்தைக் கூப்பிட்டுவிட்டு, அவள் மடியில் இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளை வைத்தார். மாத்திரையால் மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கும் மருந்து. "ஒண்ணு உன்கிட்ட. இன்னொண்ணு, உன்கூட யார் இருக்காங்களோ அவங்ககிட்ட. தனியா விழுங்காதே. இதை நான் திட்டிச் சொல்லல."

"பேசுறியா?" என்றது போன்.

"பேசுறேன். பாதாம் ஒரு முட்டாள் கொட்டை. நூறுல ஒண்ணு கசக்கும். எதுன்னு பாத்துச் சொல்ல முடியாது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் பெல்ட்டுல விடுறோம்."

"நல்ல வேலைதான்" என்று மார்லிஸ் சிரிக்க முயன்றாள். பாதியில் ஒரு வளைவு வந்திருக்க வேண்டும். காற்று, அழுகை, சிரிப்பு எல்லாம் ஒரே வெட்டில் நின்றன. திரையில் பெயர் மறைந்தது.

ட்வைலா போனை எடுத்துக் குலுக்கினாள், குலுக்கினால் மலை விலகிவிடும் என்பது போல. அழைத்தாள். சிக்னல் இல்லை. போனை மேசையில் வைத்தாள். ஒர்டாஸ் எழுந்து நின்றார். அவள் மனதில் கார் தடுப்பைத் தாண்டியது, குழந்தை நாற்காலி கவிழ்ந்தது, அவள் பெயர் ஃபைலின் முதல் பக்கத்தில் வந்தது, இந்த முறை நியாயமாகவே.

கதவை யாரோ தட்டினார்கள். அடுத்த கட்டடத்துப் பெண். மெல்ல, ஒரே ஒருமுறை.

ட்வைலா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். நெல்டா கதவைத் திறக்காமல் அங்கிருந்தே, "கொஞ்சம் இரும்மா, ஒரு போன் வரணும்" என்றார்.

வெளியே காலடிகள் ஒரு எட்டு விலகி, அங்கேயே நின்றன. உள்ளே மூன்று பேரும் மேசை மேல் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. மறைந்த பெயர் திரையில் மறுபடி வந்தது. மூன்று கைகளும் ஒரே சமயத்தில் அதை நோக்கிப் போயின.